வெள்ளையின் மூக்கும் என் பழைய லென்ஸும்

என் கமராவுக்குத் தன் முகத்தில் ஒரு லென்ஸ் பூட்டியிருப்பது இன்றுவரை தெரியாது. இயக்கியவுடன் திரையில் ‘லென்ஸ் இல்லை’ என்று எழுதிக் காட்டும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. “கண்கெட்ட சனியனே, உன்ரை மூஞ்சியிலை பூட்டியிருக்கிறது என்ன, கத்தரிக்காயோ?” என்று முற்றத்தில் நின்று அதோடு சண்டை பிடித்தேன். எங்கள் நாய் எழுந்து வேறிடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

உண்மையில் கமராவின் மேல் பிழையில்லை. அது இந்தக் காலத்துச் சாமான். தன் லென்ஸோடு மின்சாரத்தில் கதைத்துப் பழகியது. நான் பூட்டியதோ வயதில் எனக்கு மூத்த லென்ஸ். வெறும் கண்ணாடியும் உலோகமும். உள்ளே மோட்டாரும் இல்லை, வயரும் இல்லை. எவ்வளவு தூரத்தில் இருப்பது தெளிவாக விழ வேண்டும் என்பதை ஒரு வளையத்தைக் கையால் திருகித்தான் சொல்ல வேண்டும். எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரலாம் என்பதை இன்னொரு வளையத்தால் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட ஊமையோடு கமரா என்னத்தைக் கதைக்கும்? அமைப்புகளின் ஆக அடியில் ‘லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு’ என்று ஒரு சின்ன வரி ஒளிந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போனது. முதல் படத்தில் கிணற்றுக்கட்டும் ஒரு வாளியும் விழுந்தன. இரண்டும் மங்கல். ஆனாலும் நான் துள்ளினேன்.

கமராவைத் தந்தது பாரிஸில் இருக்கும் என் அக்கா. ஊருக்கு வந்தபோது, தன் பிள்ளைகள் பாவித்துக் கைவிட்டது என்று கொண்டுவந்து தந்தார். அதோடு வந்த பிளாஸ்டிக் லென்ஸ் ஒரு மாதம் தாங்கவில்லை. கிணற்றுக்கட்டில் விழுந்து வாயைப் பிளந்தது. புதியது வாங்குவது என் சம்பளத்துக்கு நினைத்தும் பார்க்க முடியாத காரியம். பழைய லென்ஸுகளை ஒரு இணைப்பு வளையத்தின் உதவியோடு புதிய கமராவில் பூட்டலாம் என்று யாரோ ஒருவர் போனில் காட்டுவதைப் பார்த்த நாளிலிருந்து நான் அக்காவை நிம்மதியாகத் தூங்கவிடவில்லை.

“உன்ரை விசருக்கு ஒரு அளவில்லையடி,” என்றார் அக்கா ஒருநாள் போனில். “இஞ்சை ஞாயிற்றுக்கிழமையிலை றோட்டோரம் துணியை விரிச்சுப்போட்டுப் பழசுபட்டை விக்கினம். பழைய சப்பாத்து, ஓடாத மணிக்கூடு, அதுக்குள்ளை கிடந்தது உன்ரை லென்ஸ். ஒரு தேத்தண்ணிக் காசுக்குத் தந்தவன். என்னைப் பாத்துப் பாவம் எண்டு நினைச்சிருப்பான்.”

அந்த லென்ஸ் பால்மாத் தகர டின்னுக்குள், சொக்லேட்டுகளுக்கு நடுவில், ஒரு சின்னப்பிள்ளையின் காலுறையில் சுற்றப்பட்டு, இணைப்பு வளையத்தோடு வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், கை நிறையப் பாரம், முன்னால் நல்ல அகலமான கண்ணாடி. கிழக்கு ஜெர்மனியில் செய்தது என்று அதன் கழுத்தில் எழுதியிருந்தது. அப்படியொரு நாடே இப்போது இல்லை. நாடு போனாலும் வளையம் பசுநெய் பூசியது போல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. உள்ளே மட்டும் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

பூஞ்சணத்தைக் கண்டு நான் பயப்படவில்லை. மானிப்பாயில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில்தான் எனக்கு வேலை. காலையில் உரும்பிராயிலிருந்து பஸ் ஏறினால் பின்னேரம்வரை மற்றவர்களின் கண்ணாடியைத் துடைப்பதும், சட்டத்தை வளைத்துக் காதில் இருத்துவதும், கீறிய கண்ணாடியைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதும்தான் பிழைப்பு. கண்ணாடியைக் கண்டால் என் கை நடுங்காது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கம் இருந்து அந்த லென்ஸைக் கழற்றினேன். துடைத்தேன். மறுபடி பூட்டியபோது ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவேயில்லை, பசியும் தெரியவில்லை.

அதன் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த வளையத்திலேயே சுற்றின. தோட்டத்தில் வெங்காயம் பிடுங்குகிறவர்கள், வாழையில் குந்தும் கிளி, வேலியில் காயும் சீலை, எல்லாவற்றையும் திருகித் திருகிப் பிடித்தேன். தெளிவான இடத்தின் விளிம்பு திரையில் சிவப்பாக மின்னும். அந்தச் சிவப்பை ஒரு கோழியின் கண்ணில் கொண்டுபோய் நிறுத்துவதற்குள் கோழி அடுத்த வீட்டுக்குப் போயிருக்கும். எனக்கு அவசரம் கூடாது என்பதை எந்த மனிதரும் சொல்லித் திருத்தவில்லை. கோழி திருத்தியது. ஓடுகிறதைத் துரத்தக்கூடாது, அது வரப்போகிற இடத்தில் தெளிவை வைத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும் என்று மெல்ல மெல்ல விளங்கியது. அப்படி நின்று ஒருநாள் சேவலொன்று வேலி பாய்வதைப் பிடித்தேன். ஒவ்வொரு இறகையும் எண்ணலாம் போல் இருந்தது. தானாகத் தெளிவாக்கும் லென்ஸ் வைத்திருந்த காலத்தில் எனக்கு அப்படியொரு படம் கிடைத்ததே இல்லை.

“ஒரு வீட்டிலை ரெண்டு விசர். ஒண்டு மாட்டுக்கு, ஒண்டு கமராவுக்கு,” என்பார் அண்ணி.

மாட்டுக்கு விசர் என்பது என் அண்ணையை. நாங்கள் எல்லோரும் ஒரே வளவில்தான் இருக்கிறோம். அண்ணைக்குத் தோட்டம் வேலை, சவாரி உயிர். வெறும் மண் தரையில் இரண்டு மாடு பூட்டிய சின்ன வண்டில்களைச் சோடிக்குச் சோடி ஓடவிடும் போட்டிதான் சவாரி. எங்கள் பக்கத்தில் அதற்கென்று திடல்கள் இருக்கின்றன, சங்கங்கள் இருக்கின்றன, சண்டைகளும் இருக்கின்றன. சிலர் ஆணி வைத்த தடியால் மாட்டைக் குத்தி ஓட்டுவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு அந்தத் தடியைப் பிடுங்கி அவர்களின் முதுகிலேயே போடலாம் போல் இருக்கும். அண்ணை தடியே எடுக்கமாட்டார். வாயால்தான் ஓட்டுவார். “ஓடடா ராசா, ஓடடா என்ரை குஞ்சு” என்று அவர் கத்துவதைக் கேட்டால் அண்ணிக்குப் பொறாமை வரும். தன்னை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லையாம்.

அண்ணையின் சோடியில் ஒன்று மயிலை, மற்றது வெள்ளை. மயிலை நல்ல பிள்ளை. வெள்ளை குணக்காரன். ஒரு நாளில் ஒரே ஒரு ஓட்டம்தான் ஓடுவான். அந்த ஓட்டத்தில் அவனைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் ஓடி முடிந்ததும் முன்னங்காலை மடித்துப் படுத்துவிடுவான். பிறகு யார் சொன்னாலும் எழும்பமாட்டான், ஓட்டம் என்றால் வாலைக்கூட ஆட்டமாட்டான். இது சவாரிக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கதை.

போன வருடம் ஒரு சவாரியில் அண்ணை வண்டிலிலிருந்து தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு அண்ணி தினமும் சாப்பாட்டுக் கூடையோடு போய் வந்தார். அந்தப் பயத்தில் அண்ணி நன்றாக மெலிந்து போனார். அண்ணை நடக்கத் தொடங்கியதும் முதல் வேலையாக அவரைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய், கற்பூரம் கொளுத்திச் சத்தியம் வாங்கினார். வருகிற பொங்கல் சவாரியில் வென்றால் மாடுகள் நிற்கலாம். தோற்றால் பட்டிப்பொங்கல் முடிந்த கையோடு சோடியைக் கொடுத்துவிட வேண்டும். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் லொறியோடு வந்து ஏற்றிப்போகத் தயாராக இருந்தார்.

அண்ணை எனக்கு இதைப் பொங்கலுக்கு முதல்நாள் மாட்டுக்கொட்டிலில் வைத்துச் சொன்னார். வெள்ளையின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“பிள்ளை, நாளைக்கு உன்ரை கமராவைக் கொண்டு வா. இதுதான் கடைசி ஓட்டமெண்டால் ஒரு படமாவது இருக்கட்டும். இவை ரெண்டு பேரும் கோடு தாண்டிற படம் ஒண்டு.”

“உங்களையும் சேத்தோ?”

“நான் என்னத்துக்கு? மாடு வந்தால் காணும்.”

அழுகையை மறைக்க, கொட்டில் கூட்டவில்லை என்று அவரை ஏசிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் முற்றத்தில் பொங்கிப் படைத்துவிட்டு, பின்னேரம் திடலுக்குப் போனோம். தெரிவு ஓட்டங்கள் முந்தின வாரமே முடிந்திருந்தன. அன்றைக்கு இறுதி ஓட்டம் மட்டும். அண்ணையின் சோடிக்கும் பக்கத்து ஊர்ச் சோடி ஒன்றுக்கும் போட்டி. அண்ணி வரவில்லை. சாமி அறையில் விளக்குக் கொளுத்திவிட்டு இருக்கிறேன் என்றார். வெல்லச் சொல்லிக் கும்பிட்டாரா, தோற்கச் சொல்லிக் கும்பிட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

திடலின் முடிவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். கோட்டின் இரண்டு அந்தத்திலும் ஒவ்வொரு கம்பம். கம்பத்துக்குப் பக்கத்தில் கொடியோடு ஒவ்வொரு நடுவர். எந்தச் சோடியின் முகம் முதலில் கோட்டைத் தாண்டுகிறதோ அந்தச் சோடிக்கு வெற்றி.

சங்கம் ஏற்பாடு செய்திருந்த படக்காரர் கோட்டுக்கு அப்பால், மாடுகள் ஓடிவரும் திசையைப் பார்த்துக் குந்தியிருந்தார். கலியாண வீடுகளில் படம் எடுக்கிறவர். அவருடைய லென்ஸ் எங்கள் வீட்டு உரல் அளவு. அது தானாகவே தெளிவு பிடிக்கும், தானாகவே மாட்டின் கண்ணைத் தேடிப்போகும். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெயில் உள்ளே விழாமல் நான் கறுப்புக் காகிதத்தைச் சுருட்டி லென்ஸின் வாயில் ஒட்டியிருந்தது அவருக்கு இன்னும் சிரிப்பைக் கொடுத்தது.

“அக்கா, உது ஆரின்ரை லென்ஸ்? உங்கடை அப்புவின்ரையோ?”

“ஓம், அப்பு எனக்குச் சீதனமாத் தந்தவர். அதுக்கு உங்களுக்கு என்ன வந்தது?”

“கோவிக்காதையுங்கோ. இஞ்சாலை முன்னுக்கு வாங்கோ. பக்கத்திலை நிண்டால் மாட்டின்ரை வாலும் வயிறும்தான் விழும்.”

“எனக்கு வால் காணும்,” என்றேன்.

வாய்க்கு வந்தபடி சொன்னேனே தவிர, எனக்கும் முன்னால் நிற்க ஆசைதான். பாய்ந்து வருகிற மாட்டின் முகம் யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் முன்னால் நின்றால் மாடு வர வரத் தூரம் குறைந்துகொண்டே போகும். கையால் வளையம் திருகுகிற நான் அந்த வேகத்துக்கு எங்கே போவது? பக்கவாட்டில் நின்றால் மாடு எனக்குக் குறுக்கே போகும், தூரம் மாறாது. சூரியனும் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பழைய லென்ஸின் முகத்தில் வெயில் பட்டால் படம் வெளிறிப் பழங்கஞ்சி போலாகிவிடும். ஆகவே எனக்கு இருந்தது ஒரே ஒரு இடம். கோட்டுக்கு நேரே, மேற்குப் பக்கத்து நடுவருக்குப் பின்னால், சற்றுத் தள்ளி ஒரு மண்மேடு. அதில் ஏறினேன். கிட்டக் கம்பம் தூரக் கம்பத்தைச் சரியாக மறைக்கும்வரை இடமும் வலமுமாக நகர்ந்தேன். இரண்டும் ஒரே கம்பமாகியபோது கோடு என் படத்தின் நடுவில் நிமிர்ந்து நின்றது.

வண்டில்கள் வருவதற்கு முன் சுண்ணாம்புக் கோட்டின் நடுவில் தெளிவை வைத்தேன். வெளிச்ச வளையத்தை ஒடுக்கினேன், அப்போதுதான் இரண்டு தடமும் தெளிவுக்குள் வரும். பிறகு கைப்பையிலிருந்து பிளாஸ்டரை எடுத்து, தூர வளையம் அசையாமல் ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டினேன். இனி லென்ஸுக்குச் செய்ய ஒன்றுமில்லை. என் விரலுக்கு மட்டும்தான் வேலை. என் கமரா பழசு, அடுக்கடுக்காக எடுத்தால் மூச்சு வாங்கும். ஒரு தரம்தான் அழுத்தலாம்.

திடலின் மற்ற அந்தத்தில் கொடி விழுந்தது. சனம் கத்தத் தொடங்கியது.

எனக்கு அதுவரை தெரியாத ஒரு கஷ்டம் அப்போதுதான் தெரிந்தது. என் அண்ணை ஓடிவருகிறார், நான் பார்க்கக்கூடாது. கமராவைத் திருப்பி ஒரு கணம் பார்த்தாலும் கோடு தவறிவிடும். கண்ணுக்குள் இருந்ததெல்லாம் வெறும் கம்பமும் வெள்ளைக் கோடும். காதுக்குள் குளம்புச் சத்தம் வளர்ந்து வந்தது. யார் முன்னால், யார் பின்னால் என்று ஒன்றும் விளங்கவில்லை. யாராவது விழுந்துவிட்டால்? வேறு யாருமல்ல, அவர்தான் விழுந்துவிட்டால்? பிள்ளையாரே, பிள்ளையாரே என்று வாய் முணுமுணுத்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் “ஓடடா என்ரை குஞ்சு” என்ற குரல் கேட்டது. அவர் வண்டிலில்தான் இருக்கிறார். கம்பத்தின் ஓரத்தில் ஏதோ வெள்ளையாக வந்தது. அழுத்தினேன்.

வண்டில்கள் இரண்டும் காற்றைப்போல் கடந்து போயின. செம்மண் கட்டிகள் என் சீலையில் வந்து விழுந்தன. நான் தலை நிமிர்ந்து பார்த்தபோது கிழக்குப் பக்கத்து நடுவரின் கொடி மேலே நின்றது. மேற்குப் பக்கத்து நடுவரின் கொடியும் மேலே நின்றது. அண்ணை ஓடியது கிழக்குத் தடத்தில். எதிர்ச் சோடி மேற்குத் தடத்தில், என் பக்கம். ஒவ்வொரு நடுவரும் தனக்குக் கிட்ட ஓடிய சோடிதான் வென்றது என்று சத்தியம் செய்யாத குறை. பக்கத்தில் நிற்கிறவர்களுக்குப் பக்கத்து மாடு பெரிதாகத்தானே தெரியும்.

பிறகு என்ன, சண்டைதான். இரண்டு ஊர்ச் சனமும் கோட்டுக்குள் இறங்கியது. தலைமை நடுவர் வயதானவர், நல்ல மனிதர், சத்தம் தாங்கமாட்டார். காதைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டு ஒலிபெருக்கியில் சொன்னார்:

“இதுக்கு ஒரே வழிதான் இருக்கு. ரெண்டு சோடியும் இன்னொருக்கா ஓடட்டும்.”

எதிர்ச் சோடிக்காரர் உடனேயே, “நான் றெடி,” என்றார். அவருடைய முகத்தில் வந்த சிரிப்பைக் கண்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்கு வெள்ளையைத் தெரியும். திடலுக்கே தெரியும். அங்கே வெள்ளை ஏற்கெனவே முன்னங்காலை மடிக்கத் தொடங்கியிருந்தான். அண்ணை நுகத்தைக் கழற்றுவதா விடுவதா என்று தெரியாமல் அதைப் பிடித்தபடி நின்றார். அவர் அப்படி நின்றதை என்னால் தாங்க முடியவில்லை.

நான் மேட்டிலிருந்து இறங்கும்போது தலைமை நடுவர் படக்காரரைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டச் சொல்லியிருந்தார். படக்காரர் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத் தட்டினார். அவரிடம் நிறையப் படங்கள் இருந்தன. சிலவற்றில் லென்ஸ் மாட்டை விட்டுவிட்டு, சந்தோஷத்தில் குறுக்கே துள்ளிய ஒருவரின் சால்வையைப் பிடித்திருந்தது. மற்றவற்றில் நாலு மாட்டின் முகமும் தெளிவோ தெளிவு, மூக்கில் இருந்த நுரைகூடத் தெரிந்தது. ஆனால் முன்னால் நின்று எடுத்த படம். நாலு முகமும் ஒரே வரிசையில் நின்றன.

“இதிலை ஆர் முன்னுக்கெண்டு சொல்லேலாது ஐயா,” என்றார் படக்காரர். பொய் சொல்லாத மனிதர். பிறகு என்னைப் பார்த்தார். “உந்த அக்கா கோட்டுக்கு நேரை நிண்டவ. அவவைக் கேளுங்கோ.”

“உவ அவரின்ரை தங்கச்சியெல்லோ?” என்று எதிர்ச் சோடிக்காரர் பாய்ந்தார்.

“ஓம், தங்கச்சிதான்,” என்றேன். “கோட்டிலை வேறை ஆர் கமராவோடை நிண்டது? உங்கடை தங்கச்சி நிண்டவவோ?”

வாய் இப்படிப் பேசினாலும் நான் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை. எதிர்ச் சோடியின் மூக்கு முன்னால் இருந்தால்? என் கையாலேயே வெள்ளையையும் மயிலையையும் லொறியில் ஏற்றியவள் ஆவேன். படம் சரியில்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அண்ணையைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். காட்டு என்றார். காட்டினேன்.

சின்னத் திரையில் படம் வந்தது. தலைமை நடுவர் கண்ணைச் சுருக்கினார், கையை நீட்டித் தள்ளிப் பிடித்தார், கிட்டக் கொண்டுவந்தார். “எனக்கு ஒண்டும் தெரியேல்லை பிள்ளை. கண்ணாடி கொண்டுவரேல்லை,” என்றார்.

கண்ணாடிக்கடைக்காரியின் கைப்பையில் என்ன இருக்கும்? வாசிக்கிற கண்ணாடி ஒன்றை எடுத்து அவருடைய மூக்கில் நானே மாட்டிவிட்டேன். பிறகு படத்தைப் பெருப்பித்தேன். இன்னும் பெருப்பித்தேன்.

அந்தப் படத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன். இரண்டு கம்பமும் ஒரே கம்பமாக, சற்று மங்கலாக, நடுவில் நிமிர்ந்து நின்றது. எனக்குக் கிட்ட எதிர்ச் சோடி, அந்த மாட்டின் மூக்கு கம்பத்தைத் தொடப்போகிறது, இன்னும் தொடவில்லை. அதற்கு அப்பால் நீண்டிருந்தது ஒரு வெள்ளை முகம். மூக்கும் வாயும் மூக்கணாங்கயிறும் கம்பத்தைத் தாண்டி அந்தப் பக்கம். மூக்கின் மேல் ஒட்டியிருந்த செம்மண் பொட்டுக்கூடத் தெளிவாகத் தெரிந்தது. வெள்ளை! என்ரை ராசா!

“வெள்ளை மாடு தாண்டிட்டுது,” என்றார் தலைமை நடுவர் மெதுவாக. மேற்குப் பக்கத்து நடுவர் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் கொடியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

எதிர்ச் சோடிக்காரர் விடவில்லை. “இந்தக் காலத்துக் கமராவிலை என்னெண்டாலும் செய்யலாம். மாட்டை முன்னுக்குத் தள்ளிவிடவும் தெரியும் உவைக்கு.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கமராவை நிறுத்தி, மறுபடி இயக்கி, அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். ‘லென்ஸ் இல்லை’ என்று வழக்கம்போல் திரையில் வந்தது.

“வாசியுங்கோ,” என்றேன். “தன்ரை மூஞ்சியிலை லென்ஸ் இருக்கிறதே தெரியாத கமரா இது. உதுக்குப் பொய் சொல்ல எப்பிடித் தெரியும்?”

முதலில் சிரித்தது படக்காரர்தான். பிறகு தலைமை நடுவர், என் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழும்வரை சிரித்தார். கடைசியில் எதிர்ச் சோடிக்காரருக்கும் வாய் இழுபட்டது. “சரி, சரி. ஓடினது நல்ல மாடுதான்,” என்று சொல்லிவிட்டு அண்ணையின் தோளில் தட்டினார். ஒலிபெருக்கி அண்ணையின் பெயரைச் சொன்னபோது எங்கள் ஊர்ச் சனம் போட்ட சத்தத்தில் மரத்துக் காகமெல்லாம் கிளம்பியது. வெள்ளை மட்டும் ஒன்றுக்கும் அசையாமல் படுத்திருந்து அசைபோட்டான். அண்ணை அவனுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு குழந்தைபோல் அழுதார். நானும் அழுதேன், எனக்கு வெட்கமாகவே இல்லை.

படக்காரர் வந்து லென்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிளாஸ்டரைக் கழற்றி வளையத்தை அங்கும் இங்கும் திருகினார். பிறகு இன்னொரு தரம் திருகினார்.

“அக்கா, உது எங்கை வாங்கலாம்?”

“என்ரை அப்புவைத்தான் கேக்க வேணும்,” என்றேன். பாவம், பிறகு அக்காவின் சந்தைக் கதையைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணி வாசல் படலையில் நின்றார். அண்ணை இறங்கி நடந்து வருவதைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார். முறிவில்லை, காயமில்லை. அதைப் பார்த்த பிறகுதான் “என்ன நடந்தது?” என்று கேட்டார். நான் படத்தைப் பெருப்பித்துக் கையில் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்தார்.

“தம்பி, லொறி கொண்டு வராதையுங்கோ. மாடு குடுக்கேல்லை,” என்று அவர் சொல்வது வெளியில் எங்களுக்குக் கேட்டது. “ஓம், வெண்டிட்டுது. மூக்கு எங்கை நிக்குதெண்டு நானே என்ரை கண்ணாலை பாத்தனான்.”

அடுத்தநாள் பட்டிப்பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்பில் மாலை கட்டி, கொட்டில் வாசலில் பொங்கினோம். ஒவ்வொரு வருடமும் மாட்டுக்குப் பொட்டு வைப்பது அண்ணைதான். அண்ணி கொட்டிலுக்குள் வரவே மாட்டார், வெள்ளை முறைப்பான் என்று பயம். அந்தமுறை சந்தனக் கிண்ணத்தை அண்ணையின் கையிலிருந்து பறித்துக்கொண்டு தானே வந்தார். மயிலைக்கு வைத்தார். வெள்ளைக்கு எட்ட நின்று கையை நீட்டி வைத்தார், அவன் பேசாமல் நெற்றியைக் கொடுத்தான். நுகத்துக்கு வைத்தார், வண்டில் சில்லுக்கு வைத்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

“எங்கை உன்ரை பழைய கண்ணாடி? அதையும் கொண்டா.”

“அண்ணி, உதுக்குப் பொட்டு வைக்கக் கூடாது. சந்தனம் உள்ளுக்கை போயிடும், பேந்து வளையம் சுத்தாது.”

“கதைக்காமல் கொண்டா.”

கொண்டுவந்தேன். கண்ணாடியில் பட்டுவிடாமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு கழுத்துப் பக்கத்தை நீட்டினேன். அண்ணி முதலில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, நன்றாக அழுத்தியும் விட்டார். அது சரியாகத் தூர வளையத்தின் விளிம்பில் விழுந்தது. பயந்தபடியே உள்ளேயும் போனது.

நாள் முழுவதும் ஊராரின் கண்ணாடியைப் பளபளவென்று துடைக்கிற நான் அதை மட்டும் இன்னும் துடைக்கவில்லை. வெண்ணெய்போல் சுற்றிய வளையம் இப்போது ஒரே ஒரு இடத்தில் கொஞ்சம் இறுகும். கோழியை எடுத்தாலும், சீலையை எடுத்தாலும், அந்த இடத்துக்கு வந்ததும் விரலில் தெரியும். அதைத் தாண்டித் திருகும் ஒவ்வொரு முறையும் கொட்டிலில் வெள்ளை நிற்கிறானா என்று ஒரு தரம் திரும்பிப் பார்ப்பேன். நிற்கிறான்.